சிரியாவில் ரசாயன ஆயுதம்: தலையிடுவதென்றால் எந்த வழியில்?

2013 ஆகஸ்ட் 21 விடியற்காலையில் டமாஸ்கஸை ஒட்டிய கூட்டா பகுதியில் சரின் என்ற நரம்பு நஞ்சு நிரப்பிய ராக்கெட்டுகள் விழுந்தன. கிழக்கே ஸமால்காவும் ஐன் தர்மாவும், மேற்கே முஅத்தமியாவும் அடிவாங்கின. இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே வெப்பநிலை இறங்கிக்கொண்டிருந்தது என்று ஐ.நா. ஆய்வுக் குழு தன் அறிக்கையில் எழுதியது. அந்த நிலையில் காற்று மேலே எழும்பாது, கீழ்நோக்கி அமுங்கும். கனமான வாயு தரையோடு தவழ்ந்து கட்டடங்களின் கீழ்த்தளங்களுக்குள் புகும். இரண்டு ஆண்டு உள்நாட்டுப் போரில் குண்டுச் சத்தம் கேட்டதும் கீழ்த்தளத்துக்கு ஓடிப் பழகியவர்கள் அங்கேதான் இருந்தார்கள். சாதாரணக் குண்டிலிருந்து காப்பாற்றிய பழக்கமே சரினிடம் அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்த மூன்று வாரம் லண்டன், பாரிஸ், வாஷிங்டன் மூன்றிலும் நடந்த விவாதம் "தாக்குவதா வேண்டாமா" என்று சுருங்கிப்போனது. கைவசம் இருந்த வழிகளோ ஆறேழு. அவற்றில் ஐந்தை, சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பே, அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் மார்ட்டின் டெம்ப்சி கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஜூலை 19 அன்று செனட்டர் கார்ல் லெவினுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒவ்வொரு வழிக்கும் என்ன படை, எவ்வளவு பணம், என்ன ஆபத்து என்பது இருந்தது. ஆறாவது வழியை அந்தக் கடிதம் பேசவில்லை. கடைசியில் நடந்தது அந்த ஆறாவதுதான்.

எதற்காக என்பது முதலில்

தலையீடு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான்கு வெவ்வேறு நோக்கங்களைப் பற்றிப் பேசியதுதான் 2013 விவாதத்தின் பெரிய கோளாறு. செய்தவரைத் தண்டிப்பது ஒன்று. இனி செய்யாமல் தடுப்பது இன்னொன்று. கையிருப்பைப் பறிப்பது மூன்றாவது. போரையே முடிப்பது நான்காவது. ஐம்பது ஏவுகணை முதல் நோக்கத்துக்குப் போதும். இரண்டாவதுக்குப் போதுமா என்பது எதிரியின் மனக்கணக்கைப் பொறுத்தது. மூன்றாவதுக்கு அது கிட்டத்தட்டப் பயன்படாது. நான்காவதுக்கு ஒரு பொருட்டே அல்ல. "தாக்கியும் சிரிய அதிபர் அசாத் விழவில்லையே" என்பவரும் "தாக்கினால் அசாத் விழுந்து ஆட்சி வேறு யாரிடமோ போய்விடும்" என்பவரும் தண்டனைத் தாக்குதலைப் பற்றிப் பேசவே இல்லை. போர்முடிவைப் பற்றிப் பேசினார்கள்.

அதனால் கீழே ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது, எந்த நோக்கத்துக்கு என்று சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் என்ன நடக்கும் என்பதையும்.

யார் செய்தது என்பதை எப்படி நிறுவுவது

எந்த வழியைத் தேர்ந்தாலும் சான்று வேண்டும். கூட்டா தாக்குதலின்போது ஓகே செல்ஸ்ட்ராம் தலைமையிலான ஐ.நா. குழு, முந்தைய சம்பவங்களை ஆராய்வதற்காக, டமாஸ்கஸிலேயே இருந்தது. இருந்தும் சம்பவ இடத்துக்குப் போக ஐந்து நாள் ஆனது. ஆகஸ்ட் 26 அன்று முஅத்தமியா போகும் வழியில் அவர்களின் வண்டி சுடப்பட்டது. ஸமால்காவுக்கு அதன்பிறகே போக முடிந்தது.

இந்தத் தாமதம் வழக்கைக் கெடுத்துவிடும் என்று அப்போது பலர் பயந்தார்கள். சரின் விரைவில் ஆவியாகிச் சிதைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதன் சிதைவுப் பொருள்கள் மண்ணிலும் உலோகத் துண்டுகளிலும் தங்கும். பாதிக்கப்பட்டவரின் ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட தடயம் வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே ஐந்து நாளில் சான்று அழியாது. சங்கிலி அறுந்தால்தான் அழியும். மாதிரி எடுத்த கையிலிருந்து ஆய்வகத்துக்குப் போகும் வரை யார் வைத்திருந்தார், எப்போது முத்திரை இட்டார் என்ற பதிவு இல்லாவிட்டால் எந்த முடிவும் நிற்காது. வெளியே கடத்தி வரப்பட்ட மாதிரிகளை வைத்துக்கொண்டு அரசுகள் 2013 வசந்த காலத்தில் சொன்னதெல்லாம் எடுபடாமல் போனது இதனால்தான்.

செப்டம்பர் 16 அன்று வந்த அறிக்கை, தரையிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டுகளில் சரின் இருந்ததற்குத் தெளிவான, நம்பத்தகுந்த சான்று உண்டு என்றது. 140 மில்லிமீட்டர் எம்14 ராக்கெட், 330 மில்லிமீட்டர் ராக்கெட் இரண்டின் எச்சங்களும் பதிவாயின. சில எச்சங்கள் மண்ணில் இறங்கியிருந்த கோணத்திலிருந்து அவை வந்த திசையும் கணக்கிடப்பட்டது. ஆனால் ஏவியது யார் என்று சொல்லக் குழுவுக்கு அதிகாரமே கொடுக்கப்படவில்லை. பயன்படுத்தப்பட்டதா என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லலாம். இந்த ஓட்டை தற்செயல் அல்ல, பேரம்பேசி வைத்த ஓட்டை. பின்னர் வந்த ஒவ்வொரு சர்ச்சையும் இதற்குள்தான் புகுந்துகொண்டது.

சாவு எண்ணிக்கையிலும் அப்படியே. அமெரிக்கா 1,429 என்றது. பிரிட்டிஷ் உளவுக் குழு குறைந்தது 350 என்றது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தான் உதவிய மூன்று மருத்துவமனைகளுக்கு மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 3,600 பேர் நரம்பு நஞ்சின் அறிகுறிகளோடு வந்ததாகவும் அவர்களில் 355 பேர் இறந்ததாகவும் சொன்னது. ஒன்று உளவு மதிப்பீடு, ஒன்று குறைந்தபட்சம், ஒன்று மருத்துவமனைப் பதிவு. மூன்றையும் ஒரே தராசில் போட்டு "எண்களே ஒத்துப்போகவில்லை" என்று வாதாடுவது சாமர்த்தியமே தவிர ஆராய்ச்சி அல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது

ஐ.நா. சாசனம் பலப்பிரயோகத்துக்கு இரண்டு வாசல்தான் வைத்திருக்கிறது: தற்காப்பு, அல்லது ஏழாம் அத்தியாயத்தின் கீழ் பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி. கூட்டாவில் முதலாவது பொருந்தாது; இரண்டாவதை ரஷ்யாவின் வீட்டோ அடைத்திருந்தது. சிரியா 1968இலேயே சேர்ந்திருந்த 1925 ஜெனீவா நெறிமுறை ரசாயன ஆயுதப் பயன்பாட்டைத் தடுக்கிறது, ஆனால் மீறியவரைத் தாக்கும் உரிமையை எவருக்கும் கொடுக்கவில்லை.

பிரிட்டன் மூன்றாவது வாசல் ஒன்றைக் காட்டியது. மனிதாபிமானத் தலையீடு. பெரும் மனிதத் துயரம் இருப்பதற்கு நம்பத்தக்க சான்று, பலத்தைத் தவிர வேறு வழியில்லாத நிலை, தேவைக்கு மிகாத அளவு என்று மூன்று நிபந்தனைகளை ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட சட்டக் குறிப்பில் வைத்தது. பெரும்பாலான நாடுகள் இதை ஏற்பதில்லை. 1999இல் கொசோவோவுக்காக நேட்டோ 78 நாள் அனுமதியின்றிக் குண்டுவீசியதை ஆராய்ந்த சுயேச்சை ஆணையம், சட்டப்படி தவறு ஆனால் நியாயம் உண்டு என்று முடித்தது. சட்ட மாணவருக்கு அது சுவையான தீர்ப்பு, தளபதிக்கு உதவாது.

சட்டக் குறிப்பு வெளியான ஆகஸ்ட் 29 இரவே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசின் தீர்மானம் 285க்கு 272 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து ஒபாமா காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்டார். செனட்டின் வெளியுறவுக் குழு 10க்கு 7 என்று 60 நாள், தேவைப்பட்டால் மேலும் 30 நாள், தரைப்படை கூடாது என்ற வரம்போடு அனுமதித்தது. முழு அவையில் வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.

ஒன்றும் செய்யாதிருப்பது

இதுவும் ஒரு முடிவுதான். 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜாவில் ஈராக் அரசு தன் குர்து மக்கள் மீது வாயுத் தாக்குதல் நடத்தியபோது ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். 5,000 வரை என்று சொல்லப்படுகிறது. வெளியிலிருந்து யாரும் தலையிடவில்லை. அந்தக் கோடையிலும் குர்துப் பகுதிகளில் வாயுத் தாக்குதல்கள் தொடர்ந்தன. அதில் சிரியா உட்பட அக்கம்பக்க அரசுகள் என்ன பாடம் எடுத்துக்கொண்டன என்பதை ஊகிப்பது கடினமல்ல. சும்மா இருப்பதற்குச் செலவு இல்லை என்று தோன்றும். வேறொருவர் அதைக் கட்டுகிறார், அவ்வளவுதான்.

தொலைவிலிருந்து ஏவுகணை

ஒபாமா கேட்டது இதைத்தான். டெம்ப்சியின் கணக்கில் இதற்கு நூற்றுக்கணக்கான விமானங்கள், கப்பல்கள், நீர்மூழ்கிகள் தேவை; எத்தனை நாள் என்பதைப் பொறுத்துச் செலவு பில்லியன் டாலர்களில். அரசுப் படையின் வலிமையைக் குறைக்கும் அளவுக்கான தாக்குதலுக்குப் போட்ட கணக்கு அது. ஓரிரவுத் தாக்குதல் இதைவிடச் சிறியது. அதுவும் பின்னால் இரண்டு முறை நடந்துவிட்டதால், ஊகிக்கத் தேவையின்றி விளைவைப் பார்த்தே பேசலாம்.

2017 ஏப்ரல் 4 அன்று கான் ஷேக்கூனில் சரின் வீசப்பட்டு 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏப்ரல் 7 அதிகாலையில் யூ.எஸ்.எஸ். போர்ட்டர், யூ.எஸ்.எஸ். ராஸ் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்கள் ஷைராத் விமானத்தளத்தின் மீது 59 டோமாஹாக் ஏவுகணைகளை ஏவின. தளத்தில் ரஷ்யர்கள் இருந்ததால் முன்கூட்டியே ரஷ்யாவுக்குத் தகவல் போனது. அதாவது சிரியாவுக்கும் போனது. விமானக் கொட்டகைகளும் எரிபொருள் கிடங்கும் அடிபட்டன, ஓடுபாதையைக் குறிவைக்கவில்லை. டோமாஹாக் ஏறக்குறைய 450 கிலோ வெடிபொருளைச் சுமக்கிறது. கொட்டகையை அது தகர்க்கும். ஓடுபாதையில் போடும் பள்ளத்தை மண்ணும் கான்கிரீட்டும் கொட்டி ஒரு நாளில் மூடிவிடலாம். அந்தத் தளத்திலிருந்து மறுநாளே விமானங்கள் எழும்பின.

சரியாக ஓராண்டு கழித்து, 2018 ஏப்ரல் 7 அன்று, டூமாவில் குளோரின் உருளைகள் விழுந்தன. 43 பேர் இறந்தார்கள். இம்முறை ஏப்ரல் 14 அன்று அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து 105 ஏவுகணைகளை மூன்று இடங்களில் இறக்கின. அவற்றில் 76 டமாஸ்கஸின் பர்ஸா ஆய்வு மையத்துக்கு மட்டும்.

இங்கே இலக்குத் தேர்வைக் கவனிக்க வேண்டும். கூட்டாவில் சரின் வந்தது தரையிலிருந்து ஏவிய ராக்கெட்டில். கான் ஷேக்கூனில் விமானத்திலிருந்து. டூமாவில் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்த உருளையில். 2013இல் விமானத்தளங்களை அடித்திருந்தால் ராக்கெட் ஏவும் வண்டிகள் அப்படியே இருந்திருக்கும். ஏவிவிட்டு அவை வேறு தெருவுக்கு நகர்ந்துவிடும். 2018இல் ஆய்வு மையத்தை அடித்தபோது ஹெலிகாப்டர்கள் அப்படியே இருந்தன. குளோரினுக்கு ஆய்வு மையம் தேவையே இல்லை. எதைக் கொண்டு செய்தார்களோ அதை அடிக்காத தாக்குதல் சைகை மட்டுமே. சைகைக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அதைப் படைபல விளைவு என்று கணக்கெழுதக் கூடாது.

டூமாவுக்குப் பிறகு அந்த அளவில் இன்னொரு ரசாயனத் தாக்குதல் நிறுவப்படவில்லை என்பதை 105 ஏவுகணைகளின் வெற்றியாகக் காட்டுவோர் உண்டு. அதே நாள்களில் டூமாவிலிருந்த கிளர்ச்சியாளர்கள் சரணடைந்து வெளியேறினார்கள், கிழக்குக் கூட்டா முழுவதும் அரசின் கைக்கு வந்துவிட்டது. ஆயுதத்தின் வேலை அங்கே முடிந்திருந்தது. இரண்டு காரணங்களையும் பிரித்தெடுக்க முடியாத இடத்தில் ஒன்றுக்கு மட்டும் மாலை போடுவது சரியல்ல.

பறக்கத் தடை, கிளர்ச்சியாளருக்கு ஆயுதம்

விமானங்கள் பறக்கத் தடைப் பகுதி கேட்பதற்கு மென்மையாக இருக்கும். அதன் முதல் நாள் வேலை வான்பாதுகாப்பை அழிப்பது, அதாவது முழுப் போர். டெம்ப்சி போட்ட கணக்கு: தொடக்கத்தில் 50 கோடி டாலர், பிறகு ஓராண்டு சராசரியாக மாதத்துக்கு 100 கோடி வரை. அவர் சேர்த்த இன்னொரு வரிதான் முக்கியம். அரசுப் படை பெரும்பாலும் பீரங்கி, மோர்ட்டார், ஏவுகணை கொண்டு தரையிலிருந்தே அடிக்கிறது. வானத்தை மூடினாலும் வன்முறை குறையாமல் போகலாம். கூட்டா அதற்கு நேர் உதாரணம். 2014க்குப் பிறகு ஹெலிகாப்டர் குளோரினுக்கு எதிராக இந்த வழி நன்றாகப் பொருந்தியிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் 2015 செப்டம்பர் 30 முதல் அந்த வானத்தில் ரஷ்ய விமானங்கள் பறந்தன, வழி அடைபட்டது.

எதிர்ப்பாளர்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் தருவதற்கு ஆண்டுக்கு 50 கோடி டாலர் என்று டெம்ப்சி மதிப்பிட்டார். ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) தீவிரவாத அமைப்புக்கு எதிராக அமெரிக்க ராணுவம் பின்னர் அதே தொகையில் ஒரு திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு ஐயாயிரம் பேரைத் தயாரிப்பதாக ஏற்பாடு. 2015 செப்டம்பரில் களத்தில் சண்டையிடுவோர் எத்தனை பேர் என்று செனட்டில் கேட்டபோது ஜெனரல் லாயிட் ஆஸ்டின் சொன்ன பதில்: நான்கு அல்லது ஐந்து. ரசாயன ஆயுதப் பிரச்சினைக்கு இந்த வழி எந்த வகையில் மருந்து என்பதை அதன் ஆதரவாளர்களும் விளக்கியதில்லை.

கிடங்கைக் குண்டுவீசி அழித்தால் என்ன?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. நிபுணர்கள் முதலில் ஒதுக்குவதும் இதையே. கடும் வெப்பத்தில் நஞ்சின் ஒரு பகுதி எரியும்; மீதி காற்றில் கலந்து, கிடங்குக்கு அருகே குடியிருப்பவர் மேல் இறங்கும். எவ்வளவு எரியும் எவ்வளவு பரவும் என்று ஏவுவதற்கு முன் யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஈராக்கில் இது நடந்திருக்கிறது. 1991 மார்ச்சில் கமிசியாவில் அமெரிக்க வீரர்கள், உள்ளே சரின் இருப்பது தெரியாமல், ராக்கெட்டுகளை வெடிவைத்து அழித்தார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் அமெரிக்க வீரர்கள் குறைந்த அளவில் அந்த நஞ்சுக்கு ஆட்பட்டிருக்கலாம் என்று பென்டகன் ஆறு ஆண்டு கழித்து மதிப்பிட்டது. முதன்னாவின் 13ஆம் எண் பதுங்குக் கிடங்கின் கதை வேறு. 1991 குண்டுவீச்சில் அதன் கூரை உடைந்தது. உள்ளே சுமார் 2,500 சரின் ராக்கெட்டுகள். சிதறிக் கிடந்ததை உள்ளே போய் எடுப்பதே உயிராபத்து என்பதால் ஐ.நா. ஆய்வாளர்கள் சுவரெழுப்பி அடைத்துவிட்டுப் போனார்கள். 2014இல் அந்த வளாகம் ஐ.எஸ். கையில் சிக்கியது.

கிடங்குகளைத் தரைப்படை கொண்டு கைப்பற்றுவது தொழில்நுட்பரீதியில் சரியான மாற்று. அதற்குப் பறக்கத் தடையும் வேண்டும், ஆயிரக்கணக்கான சிறப்புப் படையினரும் தரைப்படையினரும் வேண்டும், மாதம் 100 கோடி டாலருக்கும் மிக அதிகம் ஆகும் என்றார் டெம்ப்சி. இத்தனைக்குப் பிறகும் கைக்கு வருவது எல்லாம் அல்ல, ஒரு பகுதிதான் என்பதையும் அவரே எழுதினார்.

மிரட்டலை வைத்துக்கொண்டு பேசி வாங்குவது

செப்டம்பர் 9 அன்று லண்டனில் ஒரு செய்தியாளர் கேள்விக்கு, அசாத் ஒரு வாரத்துக்குள் எல்லா ரசாயன ஆயுதத்தையும் ஒப்படைத்தால் தாக்குதலைத் தவிர்க்கலாம், ஆனால் அவர் செய்யப்போவதில்லை என்றார் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி. சில மணி நேரத்தில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் அதைப் பிடித்துக்கொண்டார். 14ஆம் தேதி ஜெனீவாவில் உடன்பாடு. 27ஆம் தேதி பாதுகாப்பு கவுன்சிலின் 2118ஆம் தீர்மானம். அக்டோபர் 14 முதல் சிரியா ரசாயன ஆயுத ஒப்பந்தத்தின் உறுப்பு நாடு. ஆயுதம் இருக்கிறதா என்பதற்கே நேராகப் பதில் சொல்லாமல் இருந்து வந்த அரசு ஒரே வாரத்தில் ஒப்பந்தத்தில் சேர ஒப்புக்கொண்டதற்கு நல்லெண்ணம் காரணமாக இருந்திருக்க முடியாது.

வேலையின் வரிசை நன்றாக யோசித்து அமைக்கப்பட்டது. முதலில் தயாரிக்கும் திறன், பிறகு கையிருப்பு. சிரியா 23 இடங்களையும் சுமார் 1,300 டன் ரசாயனங்களையும் அறிவித்தது. கலக்கும் கருவிகள், நிரப்பும் கருவிகள் ஆகியவற்றை முதல் ஒரு மாதத்துக்குள் உடைத்து, வெட்டி, கான்கிரீட் ஊற்றிச் செயலிழக்கச் செய்தார்கள்; நவம்பர் 1 கெடுவுக்கு முன்பே அது முடிந்தது. இனி புதிதாகச் செய்ய முடியாது என்றான பிறகு, கையிருப்பை வெளியே எடுப்பதில் கொஞ்சம் தாமதமானாலும் தாங்கலாம். இதைத் தலைகீழாகச் செய்திருந்தால் ஒரு பக்கம் எடுக்க எடுக்க மறுபக்கம் நிரம்பும் அபாயம் இருந்திருக்கும்.

கையிருப்பில் பெரும்பகுதி, கலந்து நிரப்பிய குண்டாக இல்லாமல், தனித்தனிப் பாத்திரங்களில் மூலப்பொருளாகவே இருந்தது அதிர்ஷ்டம். நிரப்பிய ராக்கெட்டைப் பிரிப்பதே இந்தத் தொழிலில் மிக ஆபத்தான, மிக மெதுவான கட்டம். அமெரிக்கா தன் பழைய கையிருப்பை முடிக்கப் பல பத்தாண்டு எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் அதுவே. சிரியாவில் அந்தக் கட்டம் தேவைப்படவில்லை.

சிக்கல் சாலையில் இருந்தது. எல்லாவற்றையும் லட்டாக்கியா துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும். டமாஸ்கஸிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் சண்டை. ரஷ்யா கவச லாரிகள் கொடுத்தது, அமெரிக்கா அடைக்கும் கலன்களும் ஜி.பி.எஸ். கருவிகளும் கொடுத்தது, சீனா கண்காணிப்புக் கேமராக்கள் கொடுத்தது. முதல் தொகுதி 2013 டிசம்பர் 31 கெடுவைத் தவறவிட்டு, ஜனவரி 7 அன்று டென்மார்க்கின் ஆர்க் ஃபியூச்சுரா கப்பலில் ஏறியது. கடைசி 8 சதவீதம் ஜூன் 23 வரை இழுத்தது. இழுத்தடித்ததில் எவ்வளவு பாதுகாப்புப் பிரச்சினை, எவ்வளவு தந்திரம் என்று அப்போதே சண்டை. வெளியே கொண்டுபோகக் கெடு வைக்கும்போது, சாலை மூடியிருந்தால் யார் திறப்பது என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்; அது எழுதப்படவில்லை.

எங்கே அழிப்பது? அல்பேனியா மக்கள் எதிர்ப்பால் மறுத்தது, நார்வேயும் விலகியது. கடைசியில் கடலில் செய்தார்கள். இத்தாலியின் ஜோயா தவ்ரோ துறைமுகத்தில் ஜூலை 2 அன்று சரக்கு எம்.வி. கேப் ரே என்ற அமெரிக்கக் கப்பலுக்கு மாறியது. அதில் நீராற்பகுப்பு எந்திரங்கள் இரண்டு. டைட்டானியக் கலனில் நஞ்சை வெந்நீரும் காரமும் சேர்த்துச் சிதைப்பது அதன் வேலை. சரின் மூலப்பொருள் 581 டன், மஸ்டர்ட் என்ற கொப்புள நஞ்சு 20 டன். ஆகஸ்ட் 18க்குள் முடிந்தது. மிஞ்சிய கழிவுநீரில் ஒரு சொட்டும் கடலில் விடப்படவில்லை. ஃபின்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போய் எரிக்கப்பட்டது. மற்ற ரசாயனங்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆலைகளுக்குப் போயின.

எடைக்கணக்கில் பார்த்தால் எந்த ஏவுகணையும் இதன் பக்கத்தில் வராது. நஞ்சு பரவாமல், ஒரு நகரமும் இடியாமல் ஆயிரம் டன்னுக்கு மேல் போனது.

அதில் இருந்த ஓட்டைகள்

அறிவித்ததைத்தான் எடுக்க முடியும். அறிவிப்பில் விடுபட்டவை இருப்பதாக 2014இலேயே ரசாயன ஆயுதத் தடை அமைப்பு (ஒப்பந்தத்தின் அமலைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு) தனிக் குழு அமைத்து விசாரிக்கத் தொடங்கியது. அந்தக் கேள்விகள் அசாத் ஆட்சியின் கடைசி நாள் வரை தீரவில்லை. கான் ஷேக்கூனில் விழுந்த சரின் எங்கிருந்தோ வந்ததுதானே.

இரண்டாவது ஓட்டை குளோரின். குடிநீர் சுத்திகரிப்புக்கு எல்லா நாட்டிலும் உருளை உருளையாக இருக்கும் பொருள். வைத்திருப்பதை ஒப்பந்தம் தடுக்கவில்லை, ஆயுதமாக்குவதைத்தான் தடுக்கிறது. ஆகவே ஒப்படைக்கும் பட்டியலில் அது வராது. 2014 ஏப்ரலில், சரின் மூலப்பொருள் லட்டாக்கியாவுக்குப் போய்க்கொண்டிருந்த அதே மாதங்களில், கஃபர் ஸிதாவிலும் தல்மனஸிலும் குளோரின் விழத் தொடங்கியது. மே 27 அன்று அதை விசாரிக்கப் போன தடை அமைப்பின் வாகனங்களே தாக்கப்பட்டன.

மூன்றாவது ஓட்டைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2118 மீறலுக்கு ஏழாம் அத்தியாய நடவடிக்கை என்று சொன்னது, ஆனால் அது தானாக வராது. மறுபடி வாக்கெடுப்பு வேண்டும், மறுபடி வீட்டோ. யார் செய்தார் என்று சொல்லும் அதிகாரம் கொண்ட கூட்டுப் புலனாய்வு அமைப்பு 2015 ஆகஸ்டில்தான் உருவானது. அது தல்மனஸ், ஸர்மீன், கான் ஷேக்கூன் சம்பவங்களில் அரசையும், மாரியாவில் மஸ்டர்ட் வீசியதற்கு ஐ.எஸ்.ஸையும் பெயர் சொல்லிக் காட்டியது. 2017 அக்டோபர், நவம்பர் மாதங்களில் ரஷ்யா அடுத்தடுத்து வீட்டோ செய்து அதன் ஆயுளை முடித்தது.

அதற்கு மாற்று பாதுகாப்பு கவுன்சிலுக்கு வெளியே கிடைத்தது என்பதை அடுத்த முறை முடிவெடுப்பவர்கள் மறக்கக் கூடாது. 2018 ஜூனில் தடை அமைப்பின் உறுப்பு நாடுகளே வாக்களித்து அந்த அதிகாரத்தைத் தம் அமைப்புக்குக் கொடுத்தன. அங்கே வீட்டோ இல்லை. அதற்காக அமைந்த குழுதான் டூமா உருளைகளைச் சிரிய விமானப்படை ஹெலிகாப்டர் போட்டதாக 2023இல் முடிவுசெய்தது. 2021 ஏப்ரலில் அந்த அமைப்பில் சிரியாவின் வாக்குரிமை பறிபோனதும் அதன் கண்டறிதல்களால்தான். இந்த ஏற்பாடு 2013லேயே இருந்திருந்தால் கூட்டா அறிக்கையில் ஏவியவர் பெயர் இருந்திருக்கும், தொகுதி தொகுதியாக வந்த அடுத்த பொய்களுக்கு இடம் குறைந்திருக்கும்.

எதைத் தேர்வது

கையிருப்பைப் பறிப்பதுதான் நோக்கம் என்றால் மிரட்டலோடு கூடிய பேச்சுவார்த்தை மற்ற எல்லாவற்றையும் விட வெகு தூரம் முன்னால் நிற்கிறது. நிபந்தனை ஒன்று: மிரட்டல் உண்மையாக இருக்க வேண்டும், கெடு முடியும் வரை இருக்க வேண்டும். கப்பல்கள் மத்தியதரைக் கடலை விட்டுப் போனபின் வரும் தாமதங்களைக் கேட்க ஆளில்லை.

தடுப்பதுதான் நோக்கம் என்றால் ஒருமுறைத் தாக்குதல் வீண். பயன்படுத்திய ஆயுதத்தைச் சுமந்த கருவியை அடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டும். அதற்கு மனமில்லாதவர் முதல் ஏவுகணையையும் ஏவாமல் இருப்பது நல்லது. 59 ஏவுகணைக்கு ஓராண்டு ஆயுள் என்று எதிரி கணக்குப் போட்டுக்கொள்வார். தண்டனை நோக்கம் என்றால் நீதிமன்றம் சரியான இடம், ஆனால் மிக மெதுவான இடம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குச் சிரியாவை அனுப்பும் தீர்மானத்துக்கு 2014 மே மாதம் 13 நாடுகள் ஆதரவளித்தும் ரஷ்யாவும் சீனாவும் தடுத்தன. 2023 நவம்பரில் கூட்டா தாக்குதலுக்காகப் பிரெஞ்சு நீதிபதிகள் அசாத் மீது பிடியாணை பிறப்பித்தார்கள். பதவியிலிருந்த நாட்டுத் தலைவருக்கு விலக்கு உண்டென்று 2025 ஜூலையில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது, பதவி இழந்துவிட்டதால் புதிய ஆணைக்குத் தடையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லி.

போரை முடிப்பது நோக்கம் என்றால் ரசாயன ஆயுதத்தைச் சாக்காக இழுக்கக் கூடாது. இறந்த லட்சக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றவை சாதாரணக் குண்டும் துப்பாக்கியும் பசியும்தான்.

அசாத் ஆட்சி 2024 டிசம்பர் 8 அன்று விழுந்தது, வேறு காரணங்களால், வேறு கைகளால். அடுத்த சில நாள்களில் இஸ்ரேல் ரசாயன ஆயுத இடங்கள் என்று சொல்லிச் சில இலக்குகளைக் குண்டுவீசியது. உள்ளே என்ன ஆவணம், என்ன மாதிரி இருந்திருந்தாலும் போயிற்று. 2025 பிப்ரவரியில் தடை அமைப்பின் தலைமை இயக்குநர் பெர்னாண்டோ அரியாஸ் டமாஸ்கஸ் போய்ப் புதிய நிர்வாகத்தைச் சந்தித்தார். பார்க்க வேண்டிய இடங்கள் நூற்றுக்கும் மேல் என்பது அமைப்பின் மதிப்பீடு. 2013இல் சிரியா கொடுத்த பட்டியலில் இருந்தவை 23.